ஒன்று உள்ளே, ஒன்று மாடியில்

சண்டைக்கு முன்னால் வீடு ஒரு நொடி அடங்கிப்போகும். குரைப்பும் கடியும் அதற்குப் பிறகுதான். ராணி தட்டிலிருந்து தலையைத் தூக்குவாள். தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடும். விலா அசையாது. வால் உயர்ந்து, நுனி மட்டும் விறைப்பாக ஆடும். பொம்மி அவளை நேரே பார்க்காமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் விழி ராணி மேலேயே இருக்கும். ஓரத்தில் வெள்ளை தெரியும்.

வால் ஆடினால் நாய் சந்தோஷமாக இருக்கிறது என்று சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள். அந்த விறைத்த வாலைப் பார்த்தவர்கள் இதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டார்கள்.

அந்த நொடியில் அதட்டக் கூடாது. ஏற்கெனவே முறுக்கேறி நிற்கும் உடம்புக்கு நம்முடைய கோபக் குரல் இன்னும் முறுக்கேற்றும். அன்றாடம் கூப்பிடும் குரலிலேயே "ராணி, வாடி" என்று கூப்பிட்டு, பிஸ்கட் டப்பாவை ஒரு குலுக்கு குலுக்கி, மாடிப்படிப் பக்கம் நடந்துவிட வேண்டும். அவள் திரும்பிப் பார்த்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும், நாக்கு வெளியே வரும். அதற்குள் பொம்மி கட்டிலுக்கு அடியில் போயிருப்பாள்.

*

உறுமுகிற நாயை அடிக்கிறார்கள். எனக்கு மனம் கொதிக்கும் இடம் இது. உறுமல் என்பது நாய் தரும் அவகாசம். "கிட்டே வராதே, எனக்குப் பிடிக்கவில்லை" என்று அதற்குச் சொல்லத் தெரிந்த தெளிவான வழி. அதை அடித்து அடக்கினால் பிடிக்காமை போகாது, சொல்வது மட்டும் நின்றுபோகும். பிறகு ஒருநாள் ஒரு சத்தமும் இல்லாமல் கடி விழும். "நல்லாத்தாம்பா இருந்துச்சு, திடீர்னு கடிச்சிடுச்சு" என்பார்கள். எங்கள் வீட்டில் உறுமலுக்குத் திட்டு கிடையாது. யார் உறுமினாலும் நாங்கள் எழுந்து போய் ஏன் என்று பார்ப்போம்.

*

நாய் வளர்ப்புப் புத்தகங்கள் தனித்தனி அறையில் விடச் சொல்கின்றன. தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு ஓர் அறை, ஓர் அடுப்படி, மொட்டை மாடிக்குப் போகிற ஒடுக்கமான படி. அந்தப் படியில் இரண்டு நாய்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டும். பின்வாங்கப் பழகாத இரண்டு பெட்டைகள் என்றால் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாசல்படி, கட்டிலின் கால்மாடு, அடுப்படித் திரும்பல் என்று இந்த வீட்டில் சண்டை பிறந்த இடமெல்லாம் இரண்டு உடம்பு ஒரே நேரத்தில் நுழைய முடியாத இடம்.

இடம் இல்லாதவர்கள் நேரத்தைப் பிரித்துக்கொள்கிறோம். காலையில் ராணி உள்ளே, பொம்மி மாடியில் நிழல் வலைக்கு அடியில். வெயில் ஏறும் முன் மாற்றிவிடுவோம். மூன்றாவது நாய், கிழவன் மணி, இரண்டு பேருக்கும் பொது. அவன் எங்கே படுத்தாலும் யாரும் கேட்பதில்லை. படியின் மேல்முனையில் பழைய ஜன்னல் கிரில்லைக் கீல் வைத்துக் கதவாக்கியிருக்கிறோம். காயலான் கடையில் எடை போட்டு வாங்கியது. வீட்டில் இருக்கும் சாமான்களிலேயே எனக்கு அதன்மேல்தான் மரியாதை அதிகம்.

சிலர் ஒன்றைச் சங்கிலியில் கட்டிப்போட்டு மற்றதை அவிழ்த்துவிடுகிறார்கள். அது சரியான ஏற்பாடு அல்ல. கட்டப்பட்ட நாய்க்கு விலகிப் போக வழியில்லை. வழியில்லாத நாய் கடிக்கத்தான் செய்யும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும், அது பலகையாக இருந்தாலும் சரி.

*

எதிர்வீட்டு அக்கா காசிமேட்டில் மீன் விற்பவர். அவர் வியாபாரம் செய்யும் இடத்தைச் சுற்றி எப்போதும் நாய்கள். விடியலில் ஏலம் நடக்கும்போது கழிவுக்கு அவை மோதிக்கொள்வதைப் பல காலமாகப் பார்க்கிறார். எங்கள் வீட்டுச் சத்தம் கேட்டு ஒருமுறை ஓடிவந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார்:

"கைய மட்டும் நடுவுல வுடாதப்பா. அதுங்களுக்கு அப்போ நீ யாரு, அவ யாருன்னே தெரியாது."

புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதைத்தான். கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் குனிகிறோம், பல் இருக்கும் இடத்துக்கே கை போகிறது. கவ்வுகிற வேகத்தில் நாய்க்கு எதிரியின் காதும் வளர்த்தவர் விரலும் ஒன்றுதான். அதில் துரோகம் ஒன்றும் இல்லை. கை போவதற்குக் காரணம் பாசம். வளர்த்த பிள்ளைகள் இரண்டு ஒன்றையொன்று கிழிக்கும்போது சும்மா நிற்க முடிவதில்லை. அந்தப் பாசத்தை ஒரு மூச்சு நேரம் நிறுத்திவைக்கப் பழக வேண்டியிருக்கிறது. மூச்சை முழுக்க வெளியே விட்டு, வீட்டில் குழந்தை எங்கே, வயதானவர் எங்கே என்று பார்த்து, அவர்களை முதலில் வெளியேற்றிவிட்டு, அதன்பிறகு நாயிடம் வர வேண்டும். எந்தப் பிரார்த்தனையையும்விட இது எனக்குக் கடினமாக இருக்கிறது.

கத்தக் கூடாது. உதைக்கக் கூடாது. துடைப்பத்தால் விளாசக் கூடாது. வலியை எதிரிதான் தருகிறான் என்று நினைத்து நாய் இன்னும் இறுக்கும்.

*

வாசலுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் எப்போதும் இருப்பவை: ஒரு எவர்சில்வர் தாம்பாளம், கரண்டி, பாதி நிரம்பிய வாளி, தடித்த பழைய போர்வை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கொக்கி போட்ட நீளக் கயிறு இரண்டு.

பெரும்பாலான சண்டைகள் சத்தம் அதிகம், காயம் குறைவு. காதருகே தாம்பாளத்தை ஓங்கித் தட்டினாலே ஒரு கணம் பிரியும். இல்லையென்றால் முகத்தை நோக்கித் தண்ணீர். அதற்கும் மசியாவிட்டால் போர்வையை இரண்டின் தலைமேலும் விழும்படி போடுவது. கண் மறைந்தால் பல சமயம் பிடி தளரும். தளர்ந்த அந்த இடைவெளிக்குள் நாற்காலியை இறக்கி, ஒன்றைக் கிரில்லுக்கு அந்தப் பக்கம் தள்ளிக் கதவைச் சாத்திவிட வேண்டும். இதற்கெல்லாம் கை நீளம் தள்ளியே நிற்கலாம்.

கவ்விய பல் விடவில்லை என்றால் கதை வேறு. அப்போது இழுக்கவே கூடாது. இழுத்தால் கவ்விய சதை கிழியும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் கடைசி வழி ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைத் தொடைக்குப் பக்கத்தில் பிடித்துத் தூக்கி, பிடி விட்டதும் நேராக இல்லாமல் வளைந்து வளைந்து பின்னால் நடப்பது. வளைந்து நடந்தால் நாய் விழாமலிருக்க முன்னங்கால்களை எடுத்துவைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; திரும்பிக் கடிக்க அவகாசம் கிடைக்காது. ஆனாலும் திரும்பிக் கடித்த நாய்கள் உண்டு, அதனால்தான் கடைசி வழி. ஒருவரே இருந்தால் கயிற்றை ஒரு நாயின் இடுப்பில் சுற்றி, கொக்கியை மாட்டி, மறுமுனையைக் கிரில்லில் கட்டிவிட்டு, மற்றதைக் கயிறு போட்டுப் பின்னால் கொண்டுபோகலாம். பாதி சண்டையில் கயிறு தேட முடியாது. அதனால்தான் அது வாசலில் தொங்குகிறது.

பிரித்த பிறகு உடனே இரண்டையும் சேர்த்துவைத்துச் சமாதானம் பேச வேண்டாம். உடம்புக்குள் ஏறியது இறங்கப் பல மணி நேரம் ஆகும், சில நாய்களுக்கு ஓரிரு நாள்கூட. அதுவரை ஒன்றின் கண்ணில் மற்றது படாமல் இருப்பது இரண்டுக்கும் செய்யும் உதவி.

*

மனிதருக்குப் பல் பட்டால், சிறு கீறலே என்றாலும், ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. பிறகு ஆஸ்பத்திரி. நம்ம நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட வேண்டாம், மருத்துவர் சொல்லட்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள் என்று தடுப்பூசி வரும். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். டி.டி. ஊசியும் உண்டு.

2023 நவம்பரில் ராயபுரம் ஜி.ஏ. சாலையில் ஒரே நாய் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது. அடித்துக் கொல்லப்பட்ட அந்த நாய்க்கு வெறிநோய் இருந்தது பரிசோதனையில் உறுதியானது. அந்த வாரம் எங்கள் பக்கத்தில் நாயோடு நடந்தாலே ஜனம் ஒதுங்கிப்போனது. அவர்கள் பயத்தில் தப்பே இல்லை. நோய் அறிகுறி வந்துவிட்டால் வெறிநோய்க்கு மருந்து கிடையாது. குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது 1907-இல். அதற்கு முன் மதராஸில் கடிபட்டவர்கள் சிகிச்சைக்கு இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்கு ரயிலேற வேண்டியிருந்தது. இன்று எங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். நடக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

*

நாயின் காயம் கண்ணை ஏமாற்றும். கோரைப்பல் இறங்கிய ஓட்டை வெளியே உளுந்து அளவுதான் இருக்கும். கவ்விக்கொண்டு உதறியபோது உள்ளே தோல் சதையிலிருந்து பிரிந்திருக்கும். வாயிலிருந்த கிருமி அந்த வெற்றிடத்தில் தங்கும். மேலே பொருக்குத் தட்டி ஆறிவிட்டது போலத் தெரிந்து, இரண்டு மூன்று நாளில் வீங்கிச் சீழ் கட்டும். அதனால் முடியை விலக்கி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நாய் ஆறி அடங்கிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவலாம். ஓட்டையாக இறங்கிய கடி எதுவானாலும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு வேப்பேரி. 1903-இல் தொடங்கிய மதராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. ஆட்டோவில் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வலியோடு நெருக்கி உட்கார்ந்தால் பாதி வழியில் மறுபடி ஆரம்பமாகும்.

இன்னொன்று: நமக்கு வாங்கிவைத்த வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் ஈரலையோ சிறுநீரகத்தையோ குடலையோ கெடுத்துவிடும். அன்பினால் கொடுத்து நாயை இழந்த வீடுகள் இருக்கின்றன.

*

ஏன் சண்டை வருகிறது என்று அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள், ஒரே வீட்டில் மோதிக்கொள்ளும் 38 ஜோடி நாய்களை எடுத்துப் பார்த்து 2011-இல் எழுதினார்கள். நூற்றுக்கு 79 ஜோடிகள் ஒரே பாலினம். பெட்டை சம்பந்தப்பட்டவை 68. ஆரம்பித்துவைத்தது பெரும்பாலும் வயதில் இளையது, வீட்டுக்குப் பிந்தி வந்தது. தூண்டியவை: வளர்ப்பவரின் கவனம், சாப்பாடு, பரபரப்பு, கிடைத்த பொருள். படித்தபோது எங்கள் ஓர் அறை வீட்டையே எட்டிப் பார்த்து எழுதியதாக இருந்தது.

வளர்ப்பவரின் கவனம் என்பதில் நான் வெகுநேரம் நின்றேன். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மூன்றும் ஓடிவரும். அந்த வரவேற்பில்தான் ஒரு தோள் இன்னொரு தோளை இடிக்கும். இப்போது உள்ளே வந்ததும் யாரையும் தொடாமல் தண்ணீர் குடித்து, முகம் கழுவிவிட்டு வருகிறேன். பிறகு வயதுப்படி ஒவ்வொருவராக: மணி, ராணி, பொம்மி. சாப்பாட்டுத் தட்டும் அதே வரிசையில், மூன்று மூலையில், தின்று முடித்ததும் தட்டு எடுத்துவிடப்படும்.

பரபரப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஏர் ஹாரன் அடித்தால் நாய் வாசலுக்குப் பாய்ந்து குரைக்கும். லாரியைக் கடிக்க முடியாது, பக்கத்தில் நிற்பவளைக் கடிக்கும். சாவு ஊர்வலத்தில் பறையும் பட்டாசும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்க, பைபர் படகு கொண்டுவரும் கொஞ்சத்தில் நாய்க்கு ஒதுங்கும் தலையும் வாலும் குறைந்துபோகும். தெருவில் அந்த இரண்டு மாதமும் சண்டை கூடுவதாக அக்கா சொல்கிறார். அதே மாதங்களில்தான் வெயிலும். எட்டு அமெரிக்க நகரங்களில் பதிவான 69,525 நாய்க்கடிகளை வைத்து 2023-இல் வந்த ஓர் ஆய்வு, சூடான நாள்களிலும் காற்றில் ஓசோன் கூடிய நாள்களிலும் மனிதரைக் கடிப்பது சற்றே அதிகமாவதைக் காட்டியது. நாய்க்கு நாய் கடிப்பது பற்றி அது பேசவில்லை. ஆனாலும் மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று கனத்து வரும் மதியங்களில் நான் கிரில் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன்.

மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் கழிமுகம் வரை வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது. எர்ணாவூர் பக்கம் கால்வரை கறுத்த நாய்கள் தங்களைத் தாங்களே நக்கிக்கொண்டு திரிந்தன. மனிதரும் நாயும் மாடி அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்த அந்த நாள்களில் பிரிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. அதற்குப் பிறகுதான் வாய்க்கு மாட்டும் கூடை வாங்கினோம். மூச்சுவிடவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் வகை. நல்ல நாளிலேயே உள்ளே நெய்ச்சோறு தடவிப் பழக்க வேண்டும். ஆபத்து வந்த பிறகு மாட்டினால் அதுவே இன்னொரு பயம்.

*

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்குப் போனால் அவர் சீடர் பத்திரகிரியார் நினைவு வராமல் இருக்காது. திருவிடைமருதூரில் கீழை வாசலில் பட்டினத்தார், மேலை வாசலில் பத்திரகிரியார். பத்திரகிரியாரிடம் ஒரு திருவோடு, கூடவே ஒட்டிக்கொண்ட ஒரு நாய். பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், "நான் ஒன்றும் இல்லாதவன், மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேள்" என்றாராம். கேட்ட பத்திரகிரியார் ஓட்டை எறிந்தார். அது பட்டு நாய் செத்தது.

பற்று அறுந்த கதை என்று சொல்வார்கள். எனக்கு அந்த நாய் மட்டும் கதைக்கு வெளியே கிடக்கிறது. அது ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் படுத்திருந்தது. கையில் இருந்தது எதுவோ அது பறந்தது. சண்டைச் சத்தத்தில் எட்டிய கட்டையை எடுத்து ஓங்கும் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஓடு என் கண்ணில் படுகிறது. நான் சம்சாரி. மூன்று நாய்க்குச் சம்சாரி. சமாதி முன்னால் நின்று அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

*

மறுபடி சேர்ப்பது கடற்கரையில். விடியலில், லாரி குறைந்த நேரத்தில், அலைதடுப்புக்குக் கல் கொட்டிய கரையோரம். ராணி என்னிடம், பொம்மி என் தம்பியிடம், நடுவில் ஒரு தெருவின் அகலம். எதிரெதிராக இல்லை, ஒரே திசையில் பார்த்து நடப்பது. நடந்தால் மூக்கு தரைக்குப் போகும், மீன் செதில் வாசனை வேலையைப் பார்த்துக்கொள்ளும். நாளாக ஆக அகலம் குறையும். யாராவது ஒருத்தி விறைத்தால் பழைய அகலத்துக்கே திரும்புவோம்.

கருத்தடை முடிந்தவர்கள்தான் இருவரும். பருவகாலச் சண்டை அதோடு நின்றது, மற்றது நிற்கவில்லை. பெட்டைகளுக்குள் அது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

சில ஜோடிகள் சேராமலே போகும். அப்படியானால் கடைசிவரை முறை வைத்து வாழலாம். நிழலும் தண்ணீரும் துணையும் இருவருக்கும் கிடைத்தால் அதில் கொடுமை இல்லை. நல்ல வீடு பார்த்து ஒன்றைக் கொடுக்கலாம். துறைமுகத்து மதில் ஓரத்திலும் எண்ணூர் சாலையிலும் கழுத்துப் பட்டையோடு நிற்கும் நாய்களைப் பார்க்கிறேன். வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் குற்றம்தான். வந்த வழியையே பார்த்து அவை நிற்கும்.

*

ராணி இப்போதெல்லாம் காரணமே இல்லாமல் சீறுகிறாள் என்று நினைத்தோம். வேப்பேரியில் மருத்துவர் அவள் இடுப்பை அழுத்தியதும் சட்டென்று திரும்பினாள். மூட்டுவலி இருக்கலாம், படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். குனிந்து வந்து உரசுகிற பொம்மியை ஏன் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. திடீரென்று மாறிய நாய்க்கு முதலில் காது, பல், மூட்டு மூன்றையும் பார்க்க வேண்டும், பயிற்சி அப்புறம்.

அக்காவின் அண்ணன் வீட்டில் குட்டி போட்டிருக்கிறது. நேற்று ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். பெட்டைக்குட்டி, செவலை.

"மூணோட நாலா வளந்துட்டுப் போவுது, எடுத்துக்கப்பா."

வேண்டாம் என்றேன். ராணிக்குப் படம் எடுத்து, மருந்து ஆரம்பித்து, வலி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் இந்தப் படியில் இன்னொரு பெட்டைக்கு இடமில்லை.

"அப்போ மீன்கடைக்கே தூக்கினு போறேன்," என்றார் அக்கா. "ஊசிக்கு மட்டும் நீ கூட வா."

சனிக்கிழமை போகிறோம்.